புரதத் துணை உணவும் தசை மீட்சியும்

புரதத் துணை உணவு என்பது பால், முட்டை, சோயா, பட்டாணி போன்றவற்றிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து, தூளாகவோ பானமாகவோ விற்கப்படும் உணவுப் பொருள் ஆகும். பேச்சுவழக்கில் இது 'புரோட்டீன் பவுடர்' எனப்படுகிறது. கடும் உடற்பயிற்சியால் களைத்து, நுண்ணிய அளவில் சிதைவும் அடைந்த தசை தன் வலிமையைத் திரும்பப் பெறுவது தசை மீட்சி எனப்படும். தொடர்ந்து பயிற்சி செய்பவர்களிடம் இம்மீட்சி முன்பைவிடச் சற்று வலுவான தசையில் சென்று முடிகிறது.

தசையைச் சீரமைக்கப் புரதம் இன்றியமையாதது. அப்புரதம் எந்த உணவிலிருந்து வருகிறது என்பதைவிட, ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு கிடைக்கிறது என்பதே முதன்மையானது. பயிற்சி, போதிய உணவு, உறக்கம் ஆகிய மூன்றும் சரியாக அமைந்தவருக்குத் தூள் ஒரு வசதி மட்டுமே. இவை அமையாதவருக்குத் தூளால் பெரிய பயன் இல்லை.

கடும் பயிற்சியின்போது தசையில் நிகழ்வது

எலும்புத் தசை நீண்ட நார்களால் ஆனது. ஒவ்வொரு நாரினுள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இவ்விழைகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகர்வதால் தசை சுருங்குகிறது.

தசை சுருங்க முயலும் அதே வேளையில் வெளிச்சுமை அதை நீட்டினால் இழைகளின் மீது மிகுந்த இழுவிசை ஏற்படும். பஸ்கி எடுக்கும்போது உடலைக் கீழே இறக்குவது, மலைப்பாதையில் இறங்குவது, தூக்கிய எடையை மெதுவாகக் கீழே வைப்பது ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். பழக்கமில்லாதவர் இவற்றை மிகுதியாகச் செய்யும்போது இழை அடுக்குகள் சில இடங்களில் குலைகின்றன. அதைத் தொடர்ந்து அங்கே அழற்சி தோன்றுகிறது.

இதனால் உண்டாகும் வலி உடனே தெரிவதில்லை. பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்திற்குள் உச்சத்தை அடைந்து, பின்னர் தானாகவே தணிகிறது. இது தாமதத் தசைவலி எனப்படும். அமெரிக்க உடலியங்கியலாளர் தியோடர் ஹஃப் 1902-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்.

தசையில் தேங்கும் லாக்டிக் அமிலமே மறுநாள் வலிக்குக் காரணம் என்ற கருத்து இன்றும் பரவலாக உள்ளது. இது சரியன்று. பயிற்சியின்போது உருவாகும் லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வலி உச்சமடையும் இரண்டாம் நாளில் அது தசையில் மிகுந்திருப்பதில்லை.

தசை எவ்வாறு மீள்கிறது

உடலில் உள்ள புரதங்கள் ஓயாமல் சிதைந்தும் புதிதாக உருவாகியும் வருகின்றன. ஒரு பழைய வீட்டில் செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துவிட்டுப் புதிய செங்கற்களை வைப்பதோடு இதை ஒப்பிடலாம். பெயர்ப்பதைவிட வைப்பது மிகுந்தால் தசை வளரும்; குறைந்தால் மெலியும்.

எடைப் பயிற்சி இவ்விரண்டு வேலைகளையுமே விரைவுபடுத்துகிறது. பயிற்சிக்குப் பின் ஒன்றும் உண்ணாமல் இருந்தால் சிதைவே மேலோங்கி நிற்கும். புரத உணவு உண்டால் ஆக்கம் மேலோங்கும். ஒரு முறை செய்த பயிற்சியால் உயரும் தசைப்புரத ஆக்கம் 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கிறது. ஆகவே பயிற்சி நாளின் இரவுணவும் மறுநாள் உணவும் சீரமைப்பில் பங்கு பெறுகின்றன.

உணவுப் புரதம் செரிமானத்தில் அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. மனிதப் புரதங்களில் இடம்பெறும் 20 அமினோ அமிலங்களில் ஒன்பதை உடலால் தேவையான அளவு ஆக்க முடியாது. ஹிஸ்டிடின், ஐசோலியூசின், லியூசின், லைசின், மெதியோனின், பீனைல்அலனின், திரியோனின், டிரிப்டோபான், வாலின் ஆகிய இவை உணவு வழியாகவே வரவேண்டும். இவற்றுள் லியூசின், செங்கல்லாக மட்டுமன்றி, 'கட்டத் தொடங்கு' என்று தசை உயிரணுவுக்கு உணர்த்தும் குறிப்பாகவும் செயற்படுகிறது.

கடுமையாகச் சிதைந்த நார்களைச் செப்பனிடத் துணைக்கோள் உயிரணுக்கள் உதவுகின்றன. தசை நாரின் ஓரத்தில் உறங்கும் நிலையில் இருக்கும் இவ்வுயிரணுக்களை 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ, தவளையின் தசையை எதிர்மின்னி நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது கண்டறிந்தார். சிதைவு நேர்ந்தவுடன் இவை விழித்துப் பெருகி, நாருடன் இணைகின்றன.

வரலாறு

'புரோட்டீன்' என்ற சொல் 1838-இல் டச்சு வேதியியலாளர் முல்டரின் கட்டுரையில் முதன்முதலில் இடம்பெற்றது. அதைப் பரிந்துரைத்தவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். முதன்மையானது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது.

தசை வேலை செய்யும்போது புரதமே எரிபொருளாகச் செலவாகிறது என்று செருமானிய வேதியியலாளர் லீபிக் 1840-களில் கற்பித்தார். கடின வேலை செய்பவர் மிகுதியாக இறைச்சி உண்ண வேண்டும் என்பது அதன் தொடர்ச்சி. இக்கருத்தைச் சோதிக்க, 1865 ஆகஸ்டில் அடால்ஃப் ஃபிக், யோகானஸ் விஸ்லிசீனஸ் என்னும் இரு அறிவியலாளர்கள் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறினர். பிரியன்ஸ் ஏரியிலிருந்து ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரத்திற்கு அவர்கள் ஏறினர். முந்தைய நாளிலிருந்தே மாவு, கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றால் ஆன, புரதமற்ற உணவையே உண்டனர். தங்கள் சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள நைதரசனை அளந்து, உடலில் சிதைந்த புரதம் எவ்வளவு எனக் கணக்கிட்டனர். அவ்வளவு புரதம் முழுவதும் எரிந்திருந்தாலும் மலையேறத் தேவையான ஆற்றல் கிடைத்திருக்காது என்பது தெரியவந்தது. 1866-இல் எட்வர்ட் பிராங்க்லாந்து உணவுப் பொருள்களின் வெப்ப அளவுகளை அளந்து வெளியிட்டபோது இம்முடிவு உறுதியானது. உழைப்புக்கு எரிபொருளாக அமைவது பெரும்பாலும் மாவுச்சத்தும் கொழுப்பும் ஆகும். புரதத்தின் முதன்மைப் பணி கட்டமைப்பு.

1900-களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் பிளாஸ்மான் என்ற பால்புரதத் தூள் வலிமை தரும் உணவாக விற்கப்பட்டது. அமெரிக்காவில் 1950-களில் சோயா, பால், முட்டைத் தூள்கள் உடற்கட்டுப் பயிற்சியாளர்களிடையே பரவின. பாலாடைக்கட்டி ஆலைகளில் கழிவாக விடப்பட்ட நீரை நுண்சல்லடைகளால் வடிகட்டும் தொழில்நுட்பம் வளர்ந்தபின் வே புரதத் தூள் சந்தையில் முதலிடம் பெற்றது.

வகைகள்

* வே புரதம் – பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் எஞ்சும் தெளிந்த நீரில் உள்ள புரதம். பசும்பால் புரதத்தில் இது ஏறத்தாழ 20 விழுக்காடு. விரைவில் செரிக்கக்கூடியது, லியூசின் மிகுந்தது. செறிவூட்டிய வகையில் புரதம் பெரும்பாலும் 80 விழுக்காடு வரையும், பிரித்தெடுத்த வகையில் 90 விழுக்காடு அளவிலும் இருக்கும். பின்னதில் பால் சர்க்கரையான லாக்டோஸ் மிகக் குறைவு.
* கேசின் – பால் புரதத்தின் எஞ்சிய 80 விழுக்காடு. இரைப்பையில் தயிர்போல் உறைவதால் மெதுவாகச் செரிக்கிறது.
* முட்டைப் புரதம் – பெரும்பாலும் வெள்ளைக்கருவை உலர்த்திப் பெறப்படுவது.
* சோயா, பட்டாணி, அரிசிப் புரதங்கள் – பால் ஒவ்வாதவர்களும் பாலைத் தவிர்ப்பவர்களும் பயன்படுத்துவன. லியூசின் சற்றுக் குறைவாக இருப்பதால் சிறிது கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.
* கொலாஜன் – விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. இதில் டிரிப்டோபான் இல்லை. தசை வளர்ச்சிக்கு ஏற்ற புரதமாக இது கருதப்படுவதில்லை.

ஆய்வுகள் காட்டுவது

*தசைவலி:* புரதத் தூள் மறுநாள் வலியைப் போக்கும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. இது குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான மதிப்பாய்வு, ஒரு முறை கடும் பயிற்சி செய்தபின் புரதம் உட்கொள்வதற்கும் வலி குறைவதற்கும் தெளிவான தொடர்பு இல்லை என்றது. அதே பயிற்சியைச் சில நாள் இடைவெளியில் மீண்டும் செய்யும்போது வலி வெகுவாகக் குறைகிறது. ஆகவே சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே வலிக்குச் சிறந்த தடுப்பு.

*வலிமையும் தசை அளவும்:* 49 ஆய்வுகளையும் 1,863 பேரையும் உள்ளடக்கிய ஒரு பகுப்பாய்வு 2018-இல் வெளிவந்தது. எடைப் பயிற்சியுடன் கூடுதல் புரதம் எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 0.3 கிலோகிராம் கூடுதலான கொழுப்பற்ற உடல் எடையைப் பெற்றனர். பயன் உண்டு, ஆனால் விளம்பரப் படங்கள் காட்டும் அளவுக்கு இல்லை. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேல் புரதம் சென்றபோது கூடுதல் பயன் காணப்படவில்லை.

*நேரம்:* பயிற்சி முடிந்த அரை மணி நேரத்திற்குள் புரதம் குடிக்காவிட்டால் உழைப்பு வீண் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்லப்படுவதுண்டு. 2013-இல் வெளியான பகுப்பாய்வொன்றில், இரு பிரிவினரும் உண்ட மொத்தப் புரதத்தைக் கணக்கில் கொண்டபோது நேரத்தால் ஏற்பட்டதாகத் தோன்றிய வேறுபாடு மறைந்துவிட்டது. பயிற்சிக்கு முன்போ பின்போ சில மணி நேரத்திற்குள் புரதம் உள்ள ஒரு வேளை உணவு அமைந்தால் போதும்.

*ஒரு வேளை அளவு:* 2009-இல் கனடாவில் இளைஞர்களிடம் நடந்த ஆய்வில், எடைப் பயிற்சிக்குப் பின் 20 கிராம் முட்டைப் புரதம் தசைப்புரத ஆக்கத்தை உச்சத்திற்குக் கொண்டுசென்றது. 40 கிராம் அதைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டவில்லை. இதிலிருந்து 'ஒரு வேளைக்கு 20–25 கிராமுக்கு மேல் வீண்' என்ற கருத்து பரவியது. 2023-இல் நெதர்லாந்தில் 25 கிராமையும் 100 கிராமையும் ஒப்பிட்ட ஆய்வில், பெரிய அளவு மெதுவாகச் செரித்து 12 மணி நேரத்திற்கும் மேலாகத் தசை ஆக்கத்திற்கு உதவியது. எனவே ஒரு வேளை சற்றுக் கூடியும் மறு வேளை குறைந்தும் போவதால் பெரிய இழப்பு இல்லை.

*முழு உணவு:* 2017-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 18 கிராம் புரதம் தரும் முழு முட்டைகளையும் அதே அளவு புரதம் தரும் வெள்ளைக்கருவையும் ஒப்பிட்டனர். பயிற்சிக்குப் பின் முழு முட்டை உண்டபோது தசைப்புரத ஆக்கம் கூடுதலாக இருந்தது. உணவில் புரதத்துடன் சேர்ந்து வரும் பிற சத்துகளுக்கும் பங்கு இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

நாள்தேவையைக் கணக்கிடுதல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, நலமான வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதுமானது. விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் தொடர்ந்து கடும் பயிற்சி செய்பவர்களுக்கு 1.4 முதல் 2.0 கிராம் வரை பரிந்துரைக்கின்றனர். மேற்கண்ட 1.6 கிராம் இவ்வரம்புக்குள் அடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

* பயிற்சி செய்யாத நிலையில்: 60 × 0.83 = ஏறத்தாழ 50 கிராம்
* எடைப் பயிற்சி செய்யும்போது: 60 × 1.6 = 96 கிராம்

இந்த 96 கிராமை வீட்டு உணவிலிருந்தே பெற முடியுமா என்பதை ஒரு நாள் உணவைக் கொண்டு பார்க்கலாம். அளவுகள் தோராயமானவை.

* காலை: இட்லி 4 (8 கிராம்), சாம்பார் (4 கிராம்), முட்டை 2 (12 கிராம்) – 24 கிராம்
* மதியம்: சோறு 300 கிராம் (8 கிராம்), 40 கிராம் துவரம்பருப்பில் செய்த பருப்பு (9 கிராம்), மீன் 100 கிராம் (20 கிராம்), தயிர் 200 கிராம் (7 கிராம்) – 44 கிராம்
* மாலை: 50 கிராம் கொண்டைக்கடலையில் செய்த சுண்டல் – 10 கிராம்
* இரவு: சப்பாத்தி 3 (11 கிராம்), பால் 250 மில்லிலிட்டர் (8 கிராம்) – 19 கிராம்

மொத்தம் 97 கிராம். மரக்கறி உணவினர் முட்டை, மீன் ஆகியவற்றுக்கு மாற்றாக 30 கிராம் சோயா உருண்டை (15 கிராம்), 30 கிராம் நிலக்கடலை (7.5 கிராம்), 50 கிராம் பன்னீர் (9 கிராம்) ஆகியவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ அதே அளவு கிடைக்கும்.

தானியப் புரதத்தில் லைசின் குறைவு. பருப்புப் புரதத்தில் மெதியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த வெண்பொங்கல் ஆகியவை இத்தகைய நல்ல இணைகள். சோறும் ரசமும் ஊறுகாயும் மட்டும் உள்ள உணவில் புரதம் மிகக் குறைவு. விடுதியில் தங்கிப் படிப்போர் கவனிக்க வேண்டியது இக்குறையையே. ஒரு கைப்பிடி நிலக்கடலையும் ஒரு கிண்ணம் சுண்டலும் இதைப் பெருமளவு சரிசெய்யும்.

புரதம் தவிர்ந்த பிற தேவைகள்

நீண்ட ஓட்டம், கால்பந்து, கபடி போன்றவற்றில் தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து வெகுவாகக் குறைகிறது. சோறு, சப்பாத்தி, வாழைப்பழம், கிழங்கு ஆகியவை அதை நிரப்புகின்றன. போதிய மாவுச்சத்து உண்டால் ஏறத்தாழ ஒரு நாளில் சேமிப்பு பழைய நிலைக்கு வரும். சோற்றை அறவே நிறுத்திவிட்டுத் தூளை மட்டும் நம்பும் விளையாட்டு வீரர் விரைவில் களைத்துப்போக இதுவே காரணம்.

வியர்வையில் இழந்த நீரும் உப்பும் ஈடுசெய்யப்பட வேண்டும். உப்பிட்ட மோரும் கஞ்சியும் இதற்கு ஏற்றவை.

உறக்கத்தின் பங்கு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்கள் ஓர் இரவு முழுவதும் உறங்காமல் இருந்தபோது அவர்களது தசைப்புரத ஆக்கம் 18 விழுக்காடு குறைந்தது. இரவு முழுவதும் கைப்பேசியுடன் கழித்துவிட்டுக் காலையில் தூளைக் கலக்கிக் குடிப்பதால் இவ்விழப்பு சரியாகிவிடும் எனக் கருத முடியாது.

பாதுகாப்பு

நலமான சிறுநீரகம் உடையவர்களுக்கு மேற்கூறிய அளவுகளால் தீங்கு நேர்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. புரதம் சிதையும்போது உருவாகும் யூரியாவைச் சிறுநீரகமே வெளியேற்றுவதால், அவர்கள் மருத்துவரின் அறிவுரையின்றிப் புரதத்தைக் கூட்டக் கூடாது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தமக்கே தெரியாமல் சிறுநீரகப் பாதிப்பு இருக்கலாம் என்பதால், தொடங்கும் முன் இரத்தத்திலும் சிறுநீரிலும் சோதனை செய்துகொள்வது நல்லது. லாக்டோஸ் ஒவ்வாதவர்களுக்கு வே தூளால் வயிற்று உப்புசமும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, தசை வளர்ப்பதற்காகப் புரதத் துணை உணவுகளை நாடுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகிறது. சில தூள்களில் சர்க்கரை, செயற்கை இனிப்பு, சேர்ப்புப் பொருள்கள் ஆகியவை இருப்பதையும் அது சுட்டிக்காட்டுகிறது.

அசாதாரணக் கடும் பயிற்சிக்குப் பின் தாங்க முடியாத வலி, வீக்கம், கருந்தேநீர் நிறச் சிறுநீர் ஆகியவை தோன்றினால் அது சாதாரணத் தசைவலி இல்லை. தசை நார்கள் பெருமளவில் அழிந்து, அவற்றின் உட்பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கலப்படமும் தரமும்

உணவிலுள்ள புரதத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் முறை 1883-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கெல்தால் உருவாக்கியது. அதில் நைதரசன் அளக்கப்பட்டு, அது 6.25-ஆல் பெருக்கப்படுகிறது. புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைதரசன் இருப்பதே இதன் அடிப்படை. நைதரசன் எங்கிருந்து வந்தது என்பதை இம்முறை காட்டாது. மலிவான கிளைசின் 1 கிராம் கலந்தால் அது 1.17 கிராம் புரதமாகக் கணக்கில் ஏறும். அட்டையில் எண் உயரும். தசைக்குத் தேவையான லியூசின் உயராது.

இதே ஓட்டை வழியாக 2008-இல் சீனாவில் பெருங்கேடு நிகழ்ந்தது. நீர் கலந்த பாலில் புரதம் மிகுந்திருப்பதாகக் காட்ட, நைதரசன் நிறைந்த மெலமின் என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர்; ஆறு குழந்தைகள் இறந்ததாக அரசு அறிவித்தது.

இந்தியாவில் விற்கப்படும் 36 புரதத் தூள்களைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டுத் தூள்களில் அட்டையில் குறிப்பிட்ட புரத அளவு சரியாக இல்லை. 14 விழுக்காட்டில் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நச்சும், 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன.

போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரர்களுக்கு மற்றோர் இடர் உண்டு. 13 நாடுகளில் வாங்கிய 634 துணை உணவுகளைச் செருமனியின் கொலோன் நகர ஆய்வகம் சோதித்தபோது, 14.8 விழுக்காட்டில் அட்டையில் குறிப்பிடப்படாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. ஊக்கமருந்து விதிகளின்படி, உடலில் தடை செய்யப்பட்ட பொருள் காணப்பட்டால் அதற்கு வீரரே பொறுப்பு. 'தெரியாமல் குடித்துவிட்டேன்' என்பது குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்காது. பல ஆண்டு உழைப்பு ஒரு டப்பாவால் வீணாகலாம்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை:

* இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்
* காலாவதி நாள், முத்திரை உடையாத மூடி, விலைச்சீட்டு
* பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் போன்றவை தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பது
* ஒரு கரண்டித் தூளின் எடையும் அதிலுள்ள புரதமும். 30 கிராம் தூளில் 24 கிராம் புரதம் எனில் அது 80 விழுக்காடு
* வீரர்களாயின், தடை செய்யப்பட்ட பொருள்களுக்காகத் தனி நிறுவனத்தால் சோதிக்கப்பட்டது என்ற சான்று
* சில வாரங்களில் தசை பெருகும் என்று உறுதி கூறும் பொருள்களைத் தவிர்த்தல்

யாருக்குப் பயன்படும்

உணவால் தேவையை எட்ட முடியாத சிலருக்குத் தூள் உதவலாம். பயணத்திலேயே காலம் கழிக்கும் விளையாட்டு வீரர்கள், ஒரு நாளில் இரு முறை பயிற்சி செய்பவர்கள், நோயிலிருந்து தேறிவரும் பசியற்றவர்கள் ஆகியோர் இவ்வகையினர். முதியவர்களின் தசை, புரதத்திற்கு மந்தமாகவே வினைபுரிவதால், நலமான முதியவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். பல்லும் பசியும் குறைந்த வயதில் இதை உணவால் மட்டும் பெறுவது சிலருக்குக் கடினம். அவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தூளைப் பயன்படுத்தலாம்.

வளரும் பருவத்து மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தாங்கள் ஒரு நாளில் உண்பவற்றைத் தாளில் எழுதி மேற்கண்டவாறு கூட்டிப் பார்ப்பது. குறை ஏறத்தாழ 10 கிராம் என்றால் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ அதை நிரப்பிவிடும். தூளுக்கு ஒதுக்கிய பணம் அதற்குத் தாராளமாகப் போதும்.